பங்குனியில் போர் கைவிட்டால்

நகராட்சி போர்வெல் எதுவும் ஒரே ராத்திரியில் சாவதில்லை. முதலில் தண்ணீரோடு காற்று வரும். குழாய் இருமும். அப்புறம் கலங்கலாக வரும். பத்து மணி நேரம் ஓடிய மோட்டாரை ஆறு மணி நேரத்தோடு ஆபரேட்டர் நிறுத்துவார், ஓய்வு கொடுத்து மறுபடியும் போடுவார். இதெல்லாம் தை மாசத்திலிருந்தே நடக்கும். தெருவில் தண்ணீர் பிடிக்கிற பெண்களுக்கும் ஆபரேட்டருக்கும் இது தெரியும். அலுவலகத்தின் காதுக்கு மட்டும் பங்குனியில்தான், மோட்டார் எரிந்த பிறகுதான் எட்டும். அன்றைக்குத்தான் "எதிர்பாராத பழுது" என்று ஒரு வாசகம் எழுதுவார்கள்.

எதிர்பார்க்காதவர் யார் என்று கேட்பதுதான் நம் வேலையின் ஆரம்பம்.

போன கோடையில் வட மாவட்டத்து நகராட்சி ஒன்றில், எங்கள் தோழர்கள் வேலை செய்கிற காலனியில், இது நடந்தது. ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். அங்கே இன்னும் பேச்சுவார்த்தை ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலர் இந்த மாசி, பங்குனியில் இதே நிலையில் நிற்கப் போகிறீர்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

ஏரி உள்வாயில் இரண்டு போர்கள். இரண்டும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் ஏறும். தொட்டியிலிருந்து ஊர்த் தெருக்களுக்கு ஒரு லைன், காலனிக்கு ஒரு லைன். பெரிய போர் நிமிடத்துக்கு 180 லிட்டர், சின்னது 120. பத்து மணி நேரம் இரண்டும் ஓடினால் 1,80,000 லிட்டர். அந்தத் தொட்டியை நம்பி இருப்பவர்கள் சுமார் 2,600 பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 69 லிட்டர். பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் குழாய்த் தண்ணீருக்கு மத்திய அரசின் 1999 கையேடு சொன்ன அளவு தலைக்கு 70. ஆக, கணக்கு காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது.

பெரிய போர் நின்றது. சின்னது மட்டும் தருகிற 72,000 லிட்டரை எல்லோருக்கும் பங்கிட்டால் தலைக்கு 28 லிட்டர் வர வேண்டும். கஷ்டம்தான், ஆனால் குடிக்க, சமைக்க, கால் கழுவ ஒருவிதமாக ஒப்பேற்றலாம். காலனியில் இருப்பது 630 பேர். அவர்களுடைய பங்கு நாளைக்கு 17,000 லிட்டருக்கு மேல்.

வந்தது எவ்வளவு? அதைத்தான் எண்ணச் சொன்னோம். கல்லூரியில் படிக்கிற இரண்டு தங்கைகள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தெருக்குழாய் பக்கத்தில் உட்கார்ந்து, குடத்துக்கு ஒரு கோடு போட்டார்கள். எல்லாம் 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம். முதல் நாள் 212 குடம். 3,180 லிட்டர். தலைக்கு 5.

28 வர வேண்டிய இடத்தில் 5 வந்தால், அதற்குப் பெயர் வறட்சி இல்லை.

இந்த நோட்டை எடுத்துக்கொண்டு போனபோது பொறியாளர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "ஏம்மா, நீங்க டெயில் எண்டுல இருக்கீங்க. பிரஷர் இல்லன்னா தண்ணி எப்படி வரும்? உங்க இடம் மேடு." கூட வந்திருந்த ஆயா ஒருத்தி சிரித்துவிட்டார். "சார், ஐப்பசியில ஊர்த்தண்ணி மொத்தமும் எங்க வூட்டுக்குள்ளதான் வந்து நிக்குது. அப்ப பள்ளம். இப்ப மேடா?"

அறை முழுக்கச் சிரிப்பு. பொறியாளர் உட்பட. ஆனால் அந்த ஆயா சொன்னது வெறும் நையாண்டி இல்லை, அசல் நீரியல். சேரியைப் பள்ளத்தில் வைத்தது யார், ஏரிக் கலங்கலுக்குக் கீழே வைத்தது யார் என்பது நமக்குத் தெரிந்த பழைய கதை. அந்த அநியாயத்தின் ஒரே லாபம், தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர் எங்களிடம் தானாக இறங்க வேண்டும் என்பது. பள்ளத்துக்கு இறங்காத தண்ணீர் உலகத்தில் இல்லை. இறங்கவில்லை என்றால் நடுவில் யாரோ வால்வைத் திருகியிருக்கிறார்கள். 'டெயில் எண்ட்', 'பிரஷர்', 'டெக்னிக்கல் பிராப்ளம்' என்கிற சொற்களைக் கேட்டதும் வாயை மூடிக்கொள்ளாதீர்கள். இது இயற்பியல் தெரிந்தவர்களின் ரகசியம் இல்லை. குழாயின் விட்டம் என்ன, வால்வு எத்தனை சுற்று திறந்திருக்கிறது, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை: இந்த மூன்றையும் கேளுங்கள். நாங்கள் கேட்டபோது கிடைத்த பதில், ஊர் லைனுக்கு இரண்டரை மணி நேரம், காலனி லைனுக்கு இருபது நிமிடம், அதுவும் தொட்டி அடிமட்டத்துக்கு இறங்கிய பிறகு.

இதைச் சொன்னவர் யார் என்பதில்தான் இந்தக் கதையின் முள் இருக்கிறது. தண்ணீர் திறக்கிற ஆபரேட்டர் எங்கள் ஆள். காலனிக்காரர். பதினோரு வருஷமாக ஒப்பந்தக் கூலி. பக்கத்துத் தெருவில் அவருடைய அக்கா வீடும் அந்த 212 குடத்தில்தான் தண்ணீர் பிடிக்கிறது. "நானாண்ணே மூடறேன்? ஒவ்வொரு தெருவுலயும் ஒருத்தர் நின்னுகிட்டு, இன்னும் அஞ்சு நிமிஷம் வுடுன்றாங்க. மூடினா போன் போவுது. போன் போனா மறுநாள் எனக்கு வேலை இல்ல" என்றார். காலனி இளைஞர்கள் சிலருக்கு அவர்மேல் கடும் கோபம். ஒருவன் வால்வு குழிக்கே போய் சண்டை போட்டிருக்கிறான். அந்தப் பையனின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சாவியைத் திருகும் கை ஒன்று, திருகச் சொல்லும் வாய் இன்னொன்று. கையைத் திட்டிவிட்டு வாயை விட்டுவிடுவது அவர்களுக்கு ரொம்ப வசதி.

அம்பேத்கர் தன் பள்ளி நாட்களைப் பற்றி 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் எழுதியிருக்கிறார். மற்றப் பிள்ளைகள் தாகமெடுத்தால் ஆசிரியரிடம் கேட்டுவிட்டுக் குழாயைத் தாங்களே திறந்து குடிக்கலாம். அவர் குழாயைத் தொடக் கூடாது, பள்ளிப் பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கு எங்கள் தெருவில் குழாயை யாரும் தொட்டுத் திறக்கலாம், தடை இல்லை. திறந்தால் தண்ணீர் வராது, அவ்வளவுதான். தடை குழாயிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, மண்ணுக்குள் இருக்கும் வால்வுக்குப் போய்விட்டது. அங்கே இரும்பு மூடி போட்டு மூடியிருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, கேட்டால் 'பிரஷர்'.

போருக்கு வருகிறேன். மோட்டார் எரிந்தது என்றதும் நகராட்சி செய்த முதல் காரியம், மோட்டாரை மேலே தூக்கி, காயில் கட்ட அனுப்பியது. ஆறு நாள் கழித்துத் திரும்ப வந்தது. இறக்கினார்கள். இருபது நிமிடம் ஓடியது, காற்று இழுத்தது, நின்றது. மோட்டார் எரிந்தது நோயில்லை, நோயின் அடையாளம். நீர்மட்டம் மோட்டாருக்குக் கீழே போனதால்தான் வெறுமனே சுழன்று எரிந்தது. மேலே தூக்கிய அன்றைக்கே ஒரு கயிற்றைக் கட்டி இறக்கி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பார்த்திருந்தால் இந்த ஆறு நாள் மிச்சம். காலனிக்கு அது தலைக்கு 5 லிட்டரில் கழிந்த ஆறு நாள். பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருந்த ஆறு நாள். காலை நாலரைக்கு வரிசையில் குடம் வைத்துவிட்டு, அங்கேயே வேதியியல் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகளை நான் பார்த்தேன். ஊர்த் தெருவிலும் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் உண்டு. அவர்கள் நாலரைக்கு வரிசையில் இல்லை.

அந்தப் போர் 300 அடி. மோட்டார் 240 அடியில் தொங்கியது. தண்ணீர் 232-இல் நின்றது, ஓடத் தொடங்கியதும் அதற்கும் கீழே இறங்கியது. இரண்டு இருபதடிக் குழாய் சேர்த்து 280-க்கு இறக்குங்கள் என்று காலனியில் இருந்த, போர் வண்டியில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர்தான் சொன்னார். அவர் பேச்சை முதலில் யாரும் எடுக்கவில்லை. படித்த பொறியாளர் இருக்கும்போது போர் வண்டிக்காரன் என்ன சொல்வது என்ற முகம். நாங்கள் அதையே மனுவாக எழுதி, முத்திரை வாங்கிக் கொடுத்த பிறகு செய்தார்கள். நிமிடத்துக்கு 60 லிட்டர், ஐந்து மணி நேரம். 18,000 லிட்டர் கூடுதல். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் முக்கால் பங்குக்கு அடியில் கடினப் பாறை. பாறை வெடிப்பில் இருக்கிற தண்ணீர்தான் போர்த் தண்ணீர், அதில் அற்புதங்கள் நடக்காது. கம்ப்ரசர் வைத்துச் சுத்தம் செய்யலாம், அதிக அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்தி வெடிப்பைத் திறந்து பார்க்கலாம், புதிதாக இன்னொரு இடத்தில் போடலாம். எதற்கு எத்தனை நாள் ஆகும், யார் கையெழுத்து போட வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது மட்டும்தான் நம் கையில் இருப்பது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சாதாரணமாக 30 நாள் அவகாசம், ஆனால் உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும் என்று இருக்கிறது. குடிதண்ணீர் உயிர் சம்பந்தப்பட்டதில்லை என்று எந்த அலுவலர் எழுதித் தருவார்? கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு மூன்றாம் நாள் பதில் வந்தது. நேரப் பதிவேட்டின் நகலோடு.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. அதுதான் காலனிக்குள் எங்களை இரண்டாகப் பிரித்தது. காலனிக்கு அந்தப் பக்கம் ஆதிக்க சாதிக்காரர் ஒருவரின் நிலம், அதில் நல்ல தண்ணீர்க் கிணறு. அவர் சொல்லி அனுப்பினார்: விடியற்காலையில் வாருங்கள், பின்வழியாக வாருங்கள், பம்புசெட் குழாயில் என் ஆள் பிடித்துத் தருவார், நீங்கள் தொட்டியில் கை வைக்க வேண்டாம். மனுஷர் கெட்டவர் இல்லை. தண்ணீர் கேட்டு வந்தவர்களை விரட்டியவரும் இல்லை. சிலர் போனார்கள். கைக்குழந்தைக்காரி போகாமல் என்ன செய்வாள்? போகாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

ஆனால் மேலே சொன்ன அதே ஆயா போகவில்லை. தன் சின்ன வயதில் ஊர்க் கிணற்றுக்குப் பக்கத்தில் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்று, யாராவது இரக்கப்பட்டு உயரத்திலிருந்து ஊற்றுவார்களா என்று மத்தியானம் வரை காத்திருந்ததை அவர் சொன்னார். ஊற்றும்போது பாதி வெளியே சிதறும், சிதறியது போக மிச்சம்தான் குடத்தில். "அந்தத் தண்ணி குடிச்சி வளந்தவதான் நானு. எம் பேத்திக்கு அத ஊத்த மாட்டேன்" என்றார். இரண்டு நாள் கேன் தண்ணீர் வாங்கினார். கேன் தண்ணீரில் சோறு வடிக்க ஒரு கூலிக்காரக் கிழவியால் எத்தனை நாள் முடியும்?

எங்கள் முடிவு இதுதான்: கிணறு வேண்டும், பின்வழி வேண்டாம். நகராட்சியே அந்தக் கிணற்றை வாடகைக்கு எடுக்கட்டும், ஹோஸ் போட்டுப் பொதுத் தொட்டிக்கு ஏற்றட்டும். அப்போது அது தர்மத் தண்ணீர் இல்லை, நகராட்சித் தண்ணீர். சென்னைக் குடிநீர் வாரியம் திருவள்ளூர்ப் பக்கம் விவசாயக் கிணறுகளை வாடகைக்கு எடுத்து ஊட்டியிருக்கிறது, சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரையே சுத்திகரித்து விநியோகித்திருக்கிறது. 2019-இல் நான்கு ஏரிகளும் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போயிற்று. மாநகருக்கு ரயில் விடுகிற அரசால் ஒரு காலனிக்கு அரை கிலோமீட்டர் ஹோஸ் போட முடியாதா என்று கேட்டோம். கிணற்றுக்காரர் வாடகைக்கு உடனே ஒத்துக்கொண்டார். இரக்கத்தைவிட வாடகை அவருக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

காலிக் குடத்தோடு சாலை மறியல் செய்யலாமா என்று மாணவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். செய்தோம், ஒரு நாள், பேருந்து நிலையத்துக்கு முன்னால். பத்திரிகையில் படம் வந்தது. மறுநாளே லாரி வந்தது. லாரி எங்கே நின்றது தெரியுமா? ஊர் முனையில், கோயில் பக்கம். காலனிச் சந்துக்குள் திரும்பாது என்றார் டிரைவர். கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் ஏற்றிய லாரி அதே சந்துக்குள் வந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் பேசி, காலனிக்குள்ளேயே இரண்டு சின்டெக்ஸ் தொட்டி வைக்கச் சொல்லி, லாரி அதில் நிரப்பிவிட்டுப் போகிற மாதிரி ஆனது. மூடிக்குப் பூட்டு வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். அதிகாரி, "பூட்டு எதுக்குமா?" என்றார். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தொட்டியில் மலம் கலந்திருந்தது. அதற்குப் பிறகும் இந்தக் கேள்வியைக் கேட்கிற அதிகாரிகள் இருக்கிறார்கள். பூட்டு வாங்கியது நாங்கள்தான், 140 ரூபாய்.

மறியல் லாரியைக் கொண்டு வரும். வால்வு நேரத்தை மாற்றாது. அதை மாற்றியது அந்த நாற்பது பக்க நோட்டு. பதினான்கு நாள் கணக்கு, தேதி, நேரம், குடம், எழுதியவர் கையெழுத்து. பக்கத்திலேயே நகராட்சியின் சொந்தப் பதிவேட்டு நகல். இரண்டையும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியர் மேசையில் வைத்தோம். கூடவே ஒரு பக்கக் கடிதம்: வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகான மூன்றாம் பிரிவில், பட்டியல் சாதியினர் கிணறு, குளம், தண்ணீர்க் குழாய் போன்றவற்றை மற்றவர்களோடு சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம் என்று இருக்கிறது, இருபது நிமிடத்துக்கும் இரண்டரை மணி நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இந்தப் பிரிவின் கீழ் விசாரிக்கக் கோருகிறோம். வழக்கு எதுவும் பதிவாகவில்லை. பதிவாகும் என்று நானும் அவ்வளவாக நம்பவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே நகராட்சியிலிருந்து போன் வந்தது, பேச வரச் சொல்லி.

பேச்சுவார்த்தையில் கிடைத்தது தலைக்கணக்குப்படி நேரம். காலனிக்கு காலை ஐந்தரை முதல், தொட்டி நிரம்பி இருக்கும்போதே, முதல் முறை. இதற்குத்தான் அந்த அறையில் அதிகச் சத்தம். எவ்வளவு தண்ணீர் என்பதைக்கூட அவர்கள் விட்டுக்கொடுக்கத் தயார். யாருக்கு முதலில் என்பதில்தான் கவுன்சிலர்கள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. "அவங்களுக்குத் தொறந்துட்டு அப்புறம் எங்களுக்கா?" என்று ஒருவர் வாய்விட்டே கேட்டார். கேட்டுவிட்டு, சுற்றிப் பார்த்துவிட்டு, "டெக்னிக்கலா சொன்னேன்" என்றார். ஒரு நாள் அவர்களுக்கு முதலில், மறுநாள் எங்களுக்கு முதலில் என்று முடிந்தது.

தீர்மானமாக எழுதி வாங்கினோம். தீர்மானம் போதாது என்பதற்கு மகாட் சாட்சி. 1923-இல் பம்பாய் சட்டமன்றம் பொதுக் கிணறு, குளங்கள் எல்லோருக்கும் என்று தீர்மானம் போட்டது. 1924 ஜனவரியில் மகாட் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. மூன்று வருஷம் ஒரு தலித்தும் அதில் தண்ணீர் மொள்ள முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் இறங்கிக் குடித்தார்கள். அடித்தார்கள், குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள், அதே ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் தானே ரத்து செய்தது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வர 1937 மார்ச் ஆனது. நம் சென்னை மாகாணத்திலும் 1924-இலேயே இரட்டைமலை சீனிவாசன் பொதுத் தெருவும் கிணறும் குளமும் எல்லோருக்கும் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அதற்குப் பின் பிறந்தவர்தான் எங்கள் ஆயா.

அதனால் வால்வு நேரத்தைத் தகரப் பலகையில் எழுதி, நகராட்சி அலுவலக வாசலிலும் தொட்டி அடியிலும் காலனியிலும் மாட்டச் சொன்னோம். வால்வு குழிக்கு இரும்பு மூடியும் பூட்டும் போட்டு, ஒரு சாவி ஆபரேட்டரிடம், இன்னொன்று சுழற்சி முறையில் தெருப் பெண்கள் ஒருவரிடம். திறக்கும்போது இரண்டு பேரும் இருக்க வேண்டும். ஊர்த் தெருப் பெண்களையும் இந்தச் சுழற்சியில் சேர்க்க நாங்களே கேட்டோம். நான்கு பேர் வந்தார்கள். வேறு நேரத்தில் காலனிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள், வால்வு குழியில் நம் பெண்களோடு நின்று மணி பார்த்தார்கள். இதைப் பெரிய ஒற்றுமை என்று நான் எழுத மாட்டேன். காபி யாரும் யாருக்கும் கொடுத்துக்கொள்ளவில்லை. மணி மட்டும் சரியாக இருந்தது.

அக்னி நட்சத்திரம் தொடங்கும்போது நோட்டில் காலனிக் கணக்கு நாளைக்கு 1,400 குடத்தைத் தொட்டிருந்தது. தலைக்கு 33 லிட்டர். புதிய போருக்கு இடம் பார்க்க வந்த நிலத்தடி நீர் ஆய்வாளர் குறித்த இரண்டு இடங்களில் ஒன்று காலனியின் மந்தைவெளிப் புறம்போக்கு. 420 அடியில் நல்ல தண்ணீர். அதிலிருந்து நேராக ஊர்த் தொட்டிக்கு லைன் இழுப்பதாகத்தான் மதிப்பீடு போட்டிருந்தார்கள், காலனிக்குக் கிளை இல்லாமல். மதிப்பீட்டை யாராவது வாங்கிப் படித்தால்தான் இதெல்லாம் தெரியும். வணிகவியல் படிக்கிற ஒரு தங்கை படித்தாள். ஒரு கிளைக் குழாயும் இரண்டு தெருக்குழாயும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தோண்டும் வேலை பாதியில் நிற்கிறது, தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆபரேட்டருக்கு இந்த நெருக்கடியில் ஒரு நாளைக்கு பதினான்கு மணி நேர வேலை. மூன்று மாதக் கூலி பாக்கி. தண்ணீர்க் கோரிக்கையோடு அதையும் ஒன்பதாவது அம்சமாகச் சேர்த்திருந்தோம். மற்ற எட்டும் பேச்சுவார்த்தையில் வந்தன, ஒன்பதாவது வரவில்லை. வால்வு குழியில் அவரோடு சண்டை போட்ட அதே பையன்தான் இப்போது அந்தக் கூலிக்காகத் தனி மனு எழுதியிருக்கிறான். மனு எண் கொடுத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.